ஃபோம் வாள் ஏன் பிரிகிறது? அறிகுறி பார்த்துப் பசையைத் திருத்தும் வழி

ஆட்டத்தில் ஒருவரோடு ஒருவர் மோத ஃபோமை அடுக்கி ஒட்டிச் செய்த வாள் பிரிந்துபோனால், உடனே இன்னொரு பூச்சுப் பசையைத் தடவி அமுக்கிவிடாதீர்கள். பிரிந்த வாயை மெல்ல விரித்து, பகல் வெளிச்சத்தில் இரண்டு முகத்தையும் பாருங்கள். தவறு எங்கே என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஃபோமே கிழிந்து, இரு முகத்திலும் ஃபோம் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் பசை மேல் குற்றமில்லை. ஃபோமுக்கு வயதாகிவிட்டது, மாற்றுங்கள். பசை முழுக்க ஒரு முகத்தில் தங்கி, மறுமுகம் பளபளவென்று வெறுமையாக இருந்தால் அந்த மேற்பரப்பைத் தயார் செய்யாமல் ஒட்டியிருக்கிறீர்கள். இரண்டு முகத்திலும் பசை இருக்கிறது, ஆனால் தனித்தனித் தோலாகக் காய்ந்திருக்கிறது என்றால் காலம் தாழ்ந்துவிட்டது அல்லது ஈரம் படிந்துவிட்டது. விரிக்கும்போது நடுவில் நூல் நூலாக இழுத்தால் பதம் வருமுன்னே ஒட்டிவிட்டீர்கள். இந்த நாலில் உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டு கீழே போங்கள்.

எந்தப் பசை என்ற கேள்வி

இங்கே பேசுவது வழக்கமான அடுக்கு வாளைப் பற்றி. நடுவே 10 மி.மீ. கண்ணாடியிழைக் கம்பி. அதே கனத்தில், கம்பி படுக்கும் அளவுக்குப் பள்ளம் வெட்டிய ஒரு ஃபோம் அடுக்கு. அதன் மேலும் கீழும் 10 மி.மீ. ஃபோம் ஒவ்வொன்று. கம்பிக்குப் பதில் 20 மி.மீ. பி.வி.சி. மின்குழாய் போட்டால் நடு அடுக்கு இரண்டாகும். ஃபோம் பெரும்பாலும் கேம்ப் மேட், அது பாலிஎதிலீன். குழந்தைகள் அறையில் விரிக்கும் புதிர்ப் பாய் ஈ.வி.ஏ. இரண்டும் மூடிய கண்ணறை ஃபோம்தான். தண்ணீரோ ஆவியோ உள்ளே ஊடுருவி மறுபக்கம் போகாது. பசை விஷயத்தில் பாதிச் சிக்கல் இதிலிருந்துதான் வருகிறது.

இதற்கு ஏற்றது நியோப்ரீன் ரப்பரைக் கரைப்பானில் கரைத்த காண்டாக்ட் அட்ஹீசிவ், அதாவது இரண்டு முகத்திலும் பூசிக் காயவிட்டு, பிறகு சேர்த்து அழுத்தும் பசை. தென்னாப்பிரிக்காவில் ஜென்கெம், அல்கோலின் போன்ற பெயர்களில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். செருப்புத் தைப்பவர்களுக்குச் சரக்கு விற்கும் கடையிலும் இதே இனம்தான். காய்ந்தபின்னும் ரப்பராகவே இருப்பதால் வாளோடு சேர்ந்து வளையும்.

கடையில் ‘கோல்ட் க்ளூ’ (cold glue) என்று எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது மரத்துக்கான வெள்ளைப் பசை. அதிலுள்ள தண்ணீர் ஆவியானால்தான் இறுகும். இரண்டு மூடிய கண்ணறை ஃபோமுக்கு நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீருக்குப் போக வழி ஏது? ஒரு வாரம் கழித்துப் பிரித்தாலும் ஓரம் மட்டும் காய்ந்து நடுவில் பாலாகவே இருக்கும்.

அளவுக் கணக்கு: 90 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம் உள்ள அலகில் இரண்டு ஒட்டு இடைவெளி, ஆக நாலு முகம். மொத்தம் சுமார் 0.22 சதுர மீட்டர். ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்கு 4 முதல் 5 சதுர மீட்டர் வரை ஓடும் என்று வைத்தால், ஒரு பூச்சுக்கு 50 மி.லி., இரண்டு பூச்சுக்கு 100 மி.லி. ஆகவே 250 மி.லி. டின் ஒன்றில் இரண்டு வாள் தாராளமாக முடியும். 5 லிட்டர் டின் வாங்குவது வீண். பாதி தீருமுன் மீதி கெட்டியாகிவிடும்.

டின்னைத் திறக்குமுன் ஒன்று. இதிலுள்ள கரைப்பானின் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்துபோய்த் தீயைத் தேடும். பூஜை அறை விளக்கு, சமையலறைக் கேஸ் அடுப்பு, மின்வெட்டுக்கு ஏற்றிய மெழுகுவர்த்தி எதுவும் அதே தளத்தில் எரியக்கூடாது. வராந்தாவில், காற்று ஓடும் இடத்தில் வேலை செய்யுங்கள். தூசிக்குப் போடும் துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. வேலை முடிந்ததும் டின் பூட்டிய அலமாரிக்குள் போகட்டும். பசை முகரும் பழக்கம் நம் ஊர்களில் எத்தனை பிள்ளைகளைக் கெடுத்திருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு முகம் வெறுமை, பளபளப்பு

புது ஃபோமின் மேல்தோல் வழுவழுப்பானது. ஆலையில் அச்சிலிருந்து கழற்றத் தடவிய பொருளின் மிச்சமும் அதில் இருக்கலாம். பாலிஎதிலீன் இயல்பிலேயே எதையும் லேசில் ஒட்டவிடாத ஜாதி. ஐஸ்கிரீம் டப்பாவில் ஸ்டிக்கர் நிற்காதது போல.

80 முதல் 120 வரை எண்ணுள்ள உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேயுங்கள். பள்ளம் விழத் தேய்க்க வேண்டாம், தோல் மங்கினால் போதும். தூசியை உலர்ந்த பிரஷால் தட்டி, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். இங்கே விற்கும் ஊதாநிற மெத்தலேட்டட் ஸ்பிரிட் அவசரத்துக்கு ஆகும், ஆனால் ஐசோப்ரொப்பைல் சுத்தம். துடைத்தபின் அந்த முகத்தைக் கையால் தொடக்கூடாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு வந்து தடவிப் பார்க்கும் தம்பி ஒருவர் போதும், ஐந்து விரல் அளவுக்கு ஒட்டே பிடிக்காமல் போக.

தேய்த்த ஃபோமில் முதல் பூச்சை ஃபோமே குடித்துவிடும். அதனால் இரண்டு பூச்சு. முதலாவதை மெல்லியதாகப் பூசி 15, 20 நிமிடம் காயவிட்டு, பிறகு இரண்டாவது.

விரித்தால் நூல் இழுக்கிறது

வந்து விழும் கேஸ்களில் இதுதான் அதிகம். பொறுமையின்மையைத் தவிர வேறு காரணமே கிடையாது. கரைப்பான் போகுமுன் இரண்டு முகத்தையும் மூடிவிட்டால் அது அங்கேயே சிறைப்படும். மூன்று வாரம் கழித்தும் வாளை முகர்ந்தால் பசை வாசம் அடிக்கும். அடி படும்போதெல்லாம் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும்.

டின்னில் 10 முதல் 20 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். கடிகாரத்தைவிடப் பதத்தை நம்புங்கள். சர்க்கரைப் பாகு காய்ச்சுபவருக்கு இது புதிதல்ல. புறங்கை விரலால் பசையை லேசாகத் தொட்டு எடுங்கள். நூல் இழுத்தால் பதம் வரவில்லை. ஒட்டுவதுபோல் இழுத்து, விரலில் ஒன்றும் வராமல் விட்டால் இதுதான் சமயம். இன்னும் உறுதி வேண்டுமானால் பழுப்புக் காகிதத் துண்டு ஒன்றைப் பசைமேல் வைத்து அழுத்தி எடுங்கள். காகிதத்தில் பசை ஏறக்கூடாது.

ஒட்டும்போது இந்தப் பசைக்கு வேண்டியது பலமான அழுத்தம், நேரம் அல்ல. மேலே புத்தகம் அடுக்கி இரவு முழுக்க விடுவதைவிட, ரொட்டி உருட்டும் கட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நன்றாக அழுத்தி உருட்டுவது மேல். அதன்பின் 24 மணி நேரமாவது வாளை ஓங்காதீர்கள்.

ஏற்கெனவே நூல் இழுக்கும் வாளைக் காப்பாற்றலாம். பிரியும் இடம் முழுவதையும் திறந்து, நடுவே குச்சி செருகி, ஒரு பகல் ஓர் இரவு காற்றாட விடுங்கள். கட்டியாக நிற்கும் பசையை விரலால் உருட்டி எடுத்துவிட்டு, மெல்லிய ஒரு பூச்சு பூசிப் பதம் பார்த்து மூடுங்கள்.

இரண்டு பக்கமும் பசை, ஆனால் ஒட்டவே இல்லை

ஒரே அறிகுறி, இரண்டு காரணம். பிரித்தறிய வேண்டும்.

கடற்கரை நகரான டர்பனில், ஜனவரியிலிருந்து மார்ச் வரை, முதல் சந்தேகம் ஈரம். கரைப்பான் ஆவியாகும்போது பசைத் தோலின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது, தோல் குளிர்கிறது. காற்று 28 டிகிரியில், ஈரப்பதம் 80 சதவீதமாக இருந்தால் பனி கட்டும் நிலை சுமார் 24 டிகிரி. பசை நாலே டிகிரி குளிர்ந்தால் போதும், குளிர்ந்த சோடாப் பாட்டிலின் மேல் வேர்ப்பது போல அதன்மேலும் வேர்த்துவிடும். கண்ணுக்குத் துளி தெரியாது. பளபளப்பாக இருக்கவேண்டிய பசை வெண்மை கலந்து மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். அந்த ஈரத் திரையின் மேல் அமுக்கினால் பசையும் பசையும் சந்திக்கவே இல்லை என்று பொருள்.

மழை நாளில் வேலையைத் தள்ளிப்போடுங்கள். முடியாதென்றால் ஃபோமையும் டின்னையும் ஏசி அறையில் குளிரவைத்து எடுத்துவராமல், நிழலான வராந்தாவிலேயே தடவி, அங்கேயே காயவிடுங்கள்; குளிர்ந்த ஃபோம் வெளிக்காற்றில் இன்னும் சீக்கிரம் வேர்க்கும். ஏசி அறைக்குள் ஆவி தேங்கும். மங்கிப்போனால் அமுக்காதீர்கள். கரைப்பான் வாசம் முழுக்கப் போனபின், ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் திரையை விரட்டி, மேலே மெல்லிய புதுப் பூச்சு ஒன்று. வாசம் இருக்கும்போது டிரையரை அருகே கொண்டுபோகக்கூடாது, உள்ளே சிவந்து எரியும் கம்பி இருக்கிறது.

ஜோஹன்னஸ்பர்க் பக்கம் கதை நேர்மாறு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வறண்ட காற்று. பசை சீக்கிரம் காய்ந்து பிடிப்பை இழந்துவிடும். கடற்கரையிலும் மலையிலிருந்து இறங்கும் வெப்பமான பெர்க் காற்று வீசும் நாளில் இதே கதைதான். பசை பளபளப்பாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டு முகத்தையும் விரலால் சேர்த்து எடுத்தால் பிடிக்காது. அலகை மூன்று பகுதியாகப் பிரித்துத் தடவி ஒட்டுங்கள். காய்ந்துவிட்டதா, மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்தால் பழைய பசை மறுபடி உயிர்பெறும். அங்கே குளிர்கால அதிகாலையில் வேலை ஆகாது. டின்னே தேன்போலக் கெட்டியாக இருக்கும். மதியத்துக்கு விடுங்கள்.

கம்பி உள்ளே நழுவுகிறது, சுழல்கிறது

இது ஒன்றுதான் அன்றே ஆட்டத்திலிருந்து வாளை விலக்க வேண்டிய கோளாறு. கைப்பிடியைத் தொடைமேல் ஊன்றி, நுனியை உள்ளங்கையால் கீழே அழுத்திப் பாருங்கள். கம்பியின் முனை உள்ளங்கையில் கல் போலத் தட்டுப்பட்டால், எதிராளியின் கண்ணிலும் அப்படித்தான் படும்.

கண்ணாடியிழைக் கம்பி வார்க்கும்போது மெழுகு பூசப்பட்டு வருகிறது. அதை அப்படியே ஒட்டினால் பசை மெழுகைத்தான் பிடிக்கும். பக்க ஒட்டைத் திறந்து கம்பியை வெளியே எடுங்கள். 80 எண் உப்புத்தாளை நனைத்துக்கொண்டு மினுமினுப்புப் போகும்வரை தேயுங்கள். உலர்ந்து தேய்த்தால் கண்ணாடித் தூசு தோலிலும் மூச்சிலும் ஏறும், முகமூடியும் கையுறையும் கட்டாயம். அசிட்டோனில் துடைத்துக் காயவிடுங்கள். பி.வி.சி. குழாயானால் அசிட்டோன் வேண்டாம், மேற்பரப்பைக் கரைத்துவிடும், ஐசோப்ரொப்பைல் போதும்.

கம்பியைச் சுற்றித் துணி டேப் சுற்றி அதன்மேல் பசை தடவச் சொல்பவர்கள் உண்டு. முரடாக இருப்பதால் நன்றாகப் பிடிக்கும், உண்மை. ஆனால் கடைசியில் வாளைத் தாங்குவது டேப்பின் சொந்தப் பசை, அது வெயிலில் இளகி நகரும் ஜாதி. தேய்த்த கம்பிமேல் நேரடியாக இரண்டு பூச்சு காண்டாக்ட் அட்ஹீசிவ் கொடுப்பதே நம்பகமானது.

முனையை மறக்கவேண்டாம். ரம்பத்தால் அறுத்த முனையில் இழை பிரியும். ஒரு துளி சூப்பர் க்ளூ விட்டு அடைத்துவிடுங்கள். அதன்மேல் கம்பியைவிட இரண்டு மடங்கு அகலமுள்ள தோல் வட்டத்தை ஒட்டி, அதன் பிறகு குறைந்தது 50 மி.மீ. ஃபோம். அடுக்குகள் சேரும் கோடு கம்பி முனைக்கு நேரே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி துணியில் நெய்த இடைவெளியைத் தேடுவது போல, கம்பி அந்தக் கோட்டைத் தேடிக்கொண்டு வெளியே வரும். மூங்கிலை உள்ளே வைப்பவர்களுக்கு ஒரே சொல்: வேண்டாம். உறைக்குள்ளே பிளந்தால் வெளியே தெரியாது.

தொட்டால் கட்டி, வரம்பு போல் தடிப்பு

கண்ணை மூடிக்கொண்டு அலகின் ஓரத்தை விரலால் தடவுங்கள். கெட்டியான கோடு தட்டுப்பட்டால் அது சூப்பர் க்ளூ, எபாக்ஸி அல்லது க்ளூ கன் பசை. மூன்றும் ஃபோமைவிடக் கடினம். வளையும்போது ஃபோம் அந்தக் கோட்டின் ஓரத்திலேயே கிழியும்; அடித்தால் கோடு தழும்பு போடும். தடவிச் சரிசெய்ய முடியாது, கோட்டைக் கத்தியால் வெட்டியெடுத்துப் புதுத் துண்டு வைக்கவேண்டும். பிராட்லி போன்ற இரு குழாய் எபாக்ஸிக்கு இடம் கைப்பிடியின் அடிக் குமிழில், யார் மேலும் படாத இடத்தில்.

காவடிக்குப் பூவும் மயிலிறகும் ஒட்ட க்ளூ கன் போதும். வாளுக்குப் போதாது. தைப்பூச வெயிலில் கார் டிக்கியில் வைத்த வாள் மாலையில் அடுக்கடுக்காக விரிந்து கிடந்தால், அந்தப் பசையைத்தான் பார்க்கவேண்டும். மூடிய காருக்குள் அது இளகும் அளவுக்குச் சூடு ஏறும். காண்டாக்ட் அட்ஹீசிவ் வாளையும் டிக்கியில் விட்டுவைக்காதீர்கள்.

ஃபோம் உருகிக் குழி விழுகிறது

உடைத்தால் வெள்ளை மணி மணியாக உதிர்கிறதா? அது பாலிஸ்டைரீன், பெட்டிக்குள் பொருள் உடையாமலிருக்க வைப்பது. டொலுயீன், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் அதைச் சர்க்கரையைத் தண்ணீர் கரைப்பது போலக் கரைக்கும். பசையை மாற்றுவதைவிட ஃபோமை மாற்றுங்கள். மணி ஃபோம் அடி தாங்காது.

வாள் வாழைப்பழம் போல் வளைந்துவிட்டது

ஒரு பக்க ஃபோமை இழுத்துப் பிடித்து ஒட்டியிருக்கிறீர்கள். அது சுருங்கி அலகைத் தன் பக்கம் இழுக்கிறது. இந்தப் பசை பட்டதும் பிடிக்கும், நகர்த்திச் சரிபார்க்க இடம் தராது. அடுத்த முறை இரண்டு முகத்துக்கு நடுவே பேக்கிங் காகிதத்தை வைத்து, ஃபோமை இழுக்காமல் படுக்கவைத்து, காகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே அழுத்துங்கள். வளைந்ததை ஹேர் டிரையரால் சூடேற்றி, மெல்லப் பிரித்து மறுபடி ஒட்டலாம். அவசரப்பட்டால் ஃபோம் கிழியும்.

லேட்டக்ஸ் பூச்சில் கொப்புளம், பிசுபிசுப்பு

லேட்டக்ஸ் என்பது வாளின் மேல் தோலாகப் பூசும் ரப்பர்ப் பால். அதில் கொப்புளம் வந்தால் உள்ளே கரைப்பான் மிச்சமிருக்கிறது. ஒட்டிய வாளை இரண்டு மூன்று நாள் விட்டு, வாசம் இல்லையென்று உறுதியானபின் லேட்டக்ஸ் பூசுங்கள். ஒவ்வொரு பூச்சும் மெல்லியதாக, ஐந்திலிருந்து எட்டு வரை. முந்தையது வெண்மை மறைந்து தெளிந்த பிறகே அடுத்தது. கொப்புளத்தைக் கிழித்து, உள்ளே காயவிட்டு, ஓரத்தை வெட்டிச் சமன்செய்து மேலே இரண்டு பூச்சு கொடுங்கள்.

பழைய வாள் பிசுபிசுத்தால் எண்ணெய் அல்லது வெயில். இயற்கை ரப்பருக்கு இரண்டும் ஆகாது. இளகிப்போன லேட்டக்ஸ் திரும்பாது, உரித்துவிட்டுப் புதிதாகப் பூசவேண்டும். லேசான ஒட்டலானால் டால்கம் பவுடர் தடவினால் போதும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் எதிரே நிற்கும் ஆட்டத்தில் துணி உறைதான்.

டின் கெட்டியாகிவிட்டது

குச்சியால் கிளறினால் தேன்போல ஒழுகினால், அதே தயாரிப்பாளரின் தின்னரைப் பத்தில் ஒரு பங்கு வரை சேர்த்துக் கலக்கலாம். பெயிண்டுக்குரிய தின்னர் சிலவற்றில் பசை தயிர்போலத் திரிந்துவிடும். குச்சியோடு அல்வாபோல ஒன்றாகக் கிளம்பி வந்தால் அந்த டின் முடிந்தது, கரைத்தாலும் பிடிக்காது.

புது டின்னாக இருந்தாலும் வாளில் வைக்குமுன் சோதனை ஒன்று செய்யுங்கள். அதே ஃபோமில் 25 மி.மீ. அகலம், 100 மி.மீ. நீளத்தில் இரண்டு பட்டை. 75 மி.மீ. மட்டும் ஒட்டி, மீதியை இரு காதுகளாக விடுங்கள். மறுநாள் காதுகளைப் பிடித்து இழுங்கள். ஃபோம் கிழிந்தால் வாளைத் தொடங்கலாம். பசை துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாமல், வெளியே கொடியில் விரித்துக் காயப்போட்டபின் எறியுங்கள்.